பொழிக்கு மேலே வெள்ளைப் புகை

டமார்.

ஒரே ஒரு குண்டுதான். மிதவையிலிருந்து சீறிக்கொண்டு போய்த் தென்னைகளுக்கு மேலே வெடித்தது. அடுத்த நொடி, தண்ணீரின் தோலே உரிந்து வானத்துக்குப் போவதுபோல் இருந்தது.

கரையில் நின்ற முப்பது பேரும் வாயைத் திறந்தபடி நிமிர்ந்தார்கள். பறவைகள். ஆயிரமா, ஐயாயிரமா, யார் எண்ணுவது? வெள்ளை ஆலாக்கள் ஒரு பக்கம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உள்ளான்கள் ஒரு பக்கம். நடுவே நீண்ட கழுத்தும் நீண்ட காலுமாகப் பூநாரைகள். நிற்கும்போது வெறும் வெள்ளையாகத் தெரிந்தவை, இறக்கையை விரித்ததும் உள்ளே மறைத்து வைத்திருந்த சிவப்பைக் காட்டின. நாலரை மணி வெயில் அந்தச் சிவப்பில் விழுந்தது. சிறகுகளின் சத்தம், ஓட்டுக்கூரையில் பெருமழை நெருங்கி வருவதுபோல் கேட்டது. யாரோ ஒரு பெண் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

குமரிக் கடற்கரையில், ஆறு கடலைத் தொடுவதற்கு முன் அகலமாகத் தேங்கி நிற்கும் இடத்துக்குப் பொழி என்று பெயர். அதன் மேற்குக் கரையில் இருப்பதால் ஊர் மேலப்பொழி. 2014 ஜனவரி. செபஸ்தியார் கோயில் திருவிழாவின் நாலாம் நாள். ஒன்பதாம் நாள் மாலையில் பொழியின் மேல் நடக்கப்போகும் வாணவேடிக்கைக்குத்தான் இந்த வெள்ளோட்டம்.

“இருபது வருசமா வெடி போடுதேன் அண்ணாச்சி. இப்படி ஒரு அயிட்டம் நான் செஞ்சதே கிடையாது” என்றார் வெடி ஒப்பந்தக்காரர் சத்தியராஜ். அஞ்சுகிராமத்துக்காரர். வெடியைவிடப் பேச்சு அதிகம்.

“நீரு எங்கவேய் செஞ்சீரு? அதுவ தானா செஞ்சுது” என்றான் கமிட்டிப் பையன் பிபின்.

வெடிக் கமிட்டித் தலைவர் யூஜின் இடுப்பில் கை ஊன்றி நின்றார். கழுத்து வலிக்கும்வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, கடலில் கறுத்த முகம், அந்த முகத்தில் குழந்தையின் சிரிப்பு.

“ஒண்ணு செய்வோம்” என்றார் கடைசியில். “ஒம்பதாம் திருவிழாவுக்கு இருட்டட்டும்னு காத்திருக்காண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே முதல் குண்டு. எல்லாம் எழும்பும்லா? அதுவ சுத்தி வரும்போ அடுத்தது. கீழ இறங்க விடப்படாது. வானம் நிறைஞ்சு நிக்கணும்.”

சத்தியராஜ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த நாள் ஒலிபெருக்கி ஊரெல்லாம் சொன்னது. வாணத்தோடு பறவைகளும் பறக்கும் என்று. அன்று மாலை தக்கலையிலிருந்து பைக்கில் பையன்கள் வந்தார்கள். ஆறாம் நாள் குடும்பம் குடும்பமாக வேன் பிடித்து வந்தார்கள். வந்தவர்களை ஏமாற்றக்கூடாது என்று இரண்டு மாலையும் சாம்பிளுக்கு ஒவ்வொரு குண்டு. இரண்டு மாலையும் பொழி எழுந்து பறந்தது. செல்போன்கள் எல்லாம் வானத்தைப் பார்த்தன.

யூஜினுக்கு வாணவேடிக்கை என்பது வேடிக்கை இல்லை. அது அவருடைய நன்றி.

எட்டு வருடத்துக்கு முன், இதே ஜனவரியில், அவரும் தம்பி லிபினும் போன ஃபைபர் படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோனது. மூன்று நாள் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போனார்கள். குடிதண்ணீர் தீர்ந்தது. நாலாம் நாள் காலையில் லிபின் படகின் அடியில் சுருண்டு கிடந்தான். பனிமூட்டத்தில் மலையும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. அப்போதுதான் யூஜின் அதைப் பார்த்தார். வடக்கே, கடலும் வானமும் ஒட்டும் இடத்தில், ஒரு வெள்ளைப் புகை எழும்பியது. காது அடைத்திருந்ததால் சத்தம் கேட்கவில்லை. ஆனால் அது என்னவென்று அவருக்குத் தெரியும். ஊரில் ஆள் காணாமல் போனால், வீட்டுக்காரி குருசடியில் வேண்டுதலாக வெடி நேர்ச்சை போடுவாள். சிலுவை நட்ட அந்தச் சின்ன ஜெபக்கூடத்துக்கு முன்னால், இரும்புக் குழாயில் மருந்தைக் கிட்டித்து வெடிக்கும் கதினா. நாள்தோறும் காலை பத்து மணிக்கு, ஆள் திரும்பும் வரை.

கிளாரா போடுகிற வெடி. அவளுடைய புகை.

தார்ப்பாயைக் கிழித்துப் பாயாகக் கட்டினார். பலகையைத் துடுப்பாக்கினார். மாலையில் பொழிமுகத்து மணலில் வந்து விழுந்தார்.

அந்த நாலு நாளும் ஊர் முழுவதும் கடற்கரையில்தான் கிடந்தது. தேடப் போகிற படகு, திரும்பி வருகிற படகு என்று ஒரே அமளி. அலையிரைச்சலில் குருசடி வெடி பாதிப் பேருக்குக் கேட்டது, பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. ஆனால் யூஜின் வந்து சொன்ன பிறகு எல்லோரும் கிளாராவைப் பார்க்க வந்தார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அவளைப் பற்றிப் பேசினார். கதினா போட்ட ஞானதாசனுக்கு யூஜின் வேட்டி எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் போய்ச் சேர்ந்தும் நாலு வருடம் ஆகிறது.

அடுத்த ஆண்டிலிருந்து ஒன்பதாம் நாள் மாலை வாணவேடிக்கை யூஜின் பொறுப்பு. கோயில் முற்றத்தில் நடந்ததைப் பொழிக்குக் கொண்டு போனதும் அவர்தான். பீப்பாய்களைக் கட்டி மிதவை செய்து, அதிலிருந்து விடுவது. மேலே ஒரு வாணம் பூத்தால் தண்ணீரில் இன்னொன்று பூக்கும். பச்சையும் தங்கமும் மேலிருந்து கீழே வர, கீழிருந்து மேலே வர, இரண்டும் நடுவில் தொட்டு அணையும். பார்த்தவர்கள் அடுத்த வருடம் சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

ஆறாம் நாள் மாலை, சாம்பிள் குண்டு முடிந்து யூஜின் வீட்டுக்கு வந்தபோது, ஜெபகனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பொழிக்கு வடக்கே உப்பளத்தில் மேஸ்திரி. சிஎஸ்ஐ சபைக்காரி. கிளாராவுக்கு மகளிர் குழுவில் பழக்கம். ஐந்து வருடமாக ஒரு கல்லூரிப் பேராசிரியருக்காகப் பொழியில் பறவை எண்ணிக் கொடுக்கிறாள். கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். இன்று ஒரு துண்டுப் பொட்டலமும் இருந்தது.

“கையை நீட்டுங்க அண்ணே.”

யூஜின் நீட்டினார். துண்டை விரித்து ஒரு உள்ளானை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். செத்திருந்தது. அலகு ஒரு ஊசி. கால் ஒரு ஈர்க்கு. கனம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

“ஒரு எலுமிச்சங்காய் அளவு கூட இல்ல, பாத்தியளா? இது ரஷ்யாவுக்க வடக்கு ஓரத்துல, ஐஸு கிடக்கிற இடத்துல பொரிச்சது. அங்கேருந்து இஞ்ச வந்திருக்கு. யாரும் விமானம் ஏத்தி விடல்ல.”

யூஜின் கையை மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் நின்றார். மஸ்கட்டுக்குப் போன லிபின்கூட மூன்று மாதம் அழுதுகொண்டே போன் செய்தான். இது அலகையும் இறக்கையையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறது.

“எப்படிச் செத்துது?”

“கரண்டு கம்பியில. உங்க குண்டு வெடிச்ச உடனே அதுவளுக்குக் கண்ணு மண்ணு தெரியாது. உப்பளத்துக்கு மேல போற கம்பியில மூணு நாளா அடிச்சு விழுது. இண்ணைக்கு மட்டும் முப்பத்தொண்ணு பொறுக்கினேன். ஒரு பூநாரையும் கிடக்கு. அதை நாயி இழுத்துட்டுப் போச்சு.”

“வேணும்னு யாரும் செய்யல்லியே பிள்ளே.”

“அது எனக்குத் தெரியாதா? நானே முதல் நாளு வாயப் பொளந்துட்டுதானே நிண்ணேன்.” ஜெபகனி நோட்டைத் திறந்தாள். “திருவிழா கொடியேறின அண்ணைக்கு ஏழாயிரத்துச் சொச்சம். இண்ணைக்குக் காலத்த நாலாயிரம் இல்ல. பகல் முழுக்கத் தின்னு உடம்பு வச்சாத்தான் மார்ச்சு மாசம் திரும்பிப் போக முடியும். நீங்க தின்ன விடாம எழுப்புதிய. ஒம்பதாம் நாளு இறங்கவே விடாம அடிக்கப் போறதா மைக்குல சொல்லுதாவ. போன வருசம் உங்க வெடிக்குப் பொறவு பத்தொம்பது நாளு எனக்கு எண்ணுறதுக்கே ஒண்ணும் இல்ல. தண்ணியில வெந்த காயிதமும் மருந்துமாட்டு மிதந்துது.”

“கூனி இறாலும் செத்து ஒதுங்கிச்சு” என்றாள் கிளாரா, கதவுக்குப் பின்னாலிருந்து. “கரை முழுக்கப் பொடிப்பொடியா. நானும் பாத்தேன்.”

யூஜின் திரும்பிப் பார்த்தார். “ஏட்டி, நீயா இப்படிப் பேசுத? உனக்க நேர்ச்சைக்குள்ள வெடியாக்கும் அது.”

கிளாரா உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் ஒரு பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

“பொழியில வேண்டாம்னுதான் சொல்லுதேன்” என்றாள் ஜெபகனி. “முற்றத்துல நாலு மத்தாப்பு கொளுத்துங்க. நான் வந்து கை தட்டுதேன்.”

“ஜெபகனி, நான் இண்ணைக்கு உயிரோட நிக்கிறது அந்த வெடியாலயாக்கும். உனக்கு அது புரியாது. உங்க சபையில நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“எங்க சபையில பிரசங்கம் உண்டு அண்ணே. உங்க வெடியை விட நீளம்” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். உள்ளானை எடுத்துக்கொண்டு போகவில்லை. யூஜின் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்று, பிறகு முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார்.

ஏழாம் நாள் விடியற்காலையில் யூஜினும் அவர் அக்கா மகன் பிபினும் கடலுக்குப் போனார்கள். எட்டாம் நாளிலிருந்து ஊரில் யாரும் படகு இறக்கமாட்டார்கள். அதனால் இதுதான் கடைசி. வலையில் பெரிதாக ஒன்றுமில்லை. பத்து மணி வாக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கரைக்கு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர். பனிமூட்டம் கலையவில்லை. மலை இருக்கிற இடத்தில் மலை இல்லை. கரை இருக்கிற இடத்தில் ஒரு சாம்பல் கோடு கூட இல்லை.

அப்போது வடக்கே, கடலும் வானமும் ஒட்டும் இடத்தில், ஒரு வெள்ளைப் புகை எழும்பியது.

யூஜினுக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகு கோபம் வந்தது.

“பாத்தியா பிபினு, அந்த அஞ்சுகிராமத்தான் நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம வெடி போடுதான். சாயங்காலம் ஒண்ணு போதும்னு சொன்னேன்லா?”

“போனைப் போட்டு நாலு கேளுங்க.”

சிக்னல் இரண்டு கட்டை இருந்தது. மணி அடித்ததும் சத்தியராஜ் எடுத்தார்.

“அண்ணாச்சி, நான் எங்கய்யா வெடி போடுதேன்? அஞ்சுகிராமம் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டு இருக்கேன். மருந்தெல்லாம் பூட்டிக் கிடக்கு. சாவி என் இடுப்புல. வேற எவனாவது வெடிக்கானா? லைசென்ஸ் இருக்கா அவனுக்கு?”

யூஜின் போனை அணைக்க மறந்தார். அவர் கண் அந்தப் புகையில் இருந்தது.

புகை என்றால் எழும்பும், கலையும், காற்றுப் போகிற பக்கம் இழுபடும். இது கலையவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபோது அப்படியே இல்லாமல் போனது. வானம் வெறுமையாக இருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி, இன்னும் கொஞ்சம் கிழக்கே, பளீரென்று வெள்ளை. நெத்திலிக் கூட்டம் தண்ணீருக்கடியில் ஒன்றாகத் திரும்பும்போது வயிறு மின்னுமே, அப்படி. முதுகு காட்டினால் மறைகிறது. வயிறு காட்டினால் வெளுக்கிறது.

“எஞ்சினை நிறுத்து.”

“என்னத்துக்கு?”

“நிறுத்துலே.”

எஞ்சின் நின்றதும் கடல் பெரிதானது. படகு மெல்ல ஆடியது. வடக்கே அந்த வெள்ளை விரிந்தது, சுருங்கியது, ஒரு தூணாக நின்றது, தூண் வளைந்து ஒரு பாயாக மடங்கியது. ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒரு சொல் பேசாமல், ஒரு கை காட்டாமல், ஒன்றாகத் திரும்பின. அங்கே பருந்து ஏதும் வந்ததோ, கடலேற்றம் வந்து மணல்மேடு மூழ்கியதோ, தெரியாது. இங்கே, கரையே தெரியாத இந்தத் தூரத்தில், ஒரு எலுமிச்சங்காய் கனம்கூட இல்லாத அந்தப் பிறவிகள் எல்லாம் சேர்ந்து, இதோ கரை என்று வானத்தில் எழுதி வைத்ததுபோல் இருந்தது.

யூஜின் எழுந்து நின்று கும்பிட்டார். எட்டு வருடத்துக்கு முன் உதடு வெடித்து, நாக்கு தடித்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டது எதை என்று இப்போது தெரிந்தது. அன்றும் இதுபோலவே நின்று நின்று மறைந்தது. மயக்கத்தில் கண் இருட்டுகிறது என்று நினைத்திருந்தார்.

பிபின் மெதுவாகக் கேட்டான்: “அதுவளா மாமா?”

“அதுவதான்.”

“எவ்வளவு நாளா இந்தக் கடல்ல போறோம். இதை ஒரு நாளும் பாத்தது இல்லியே.”

“பாத்திருப்போம். புகைன்னு விட்டிருப்போம்.”

வெள்ளை மெல்லத் தாழ்ந்து, கடல்கோட்டுக்குக் கீழே இறங்கிப் போனது. அதற்குப் பிறகும் இரண்டு பேரும் எஞ்சினைத் தொடவில்லை. கும்பிட்ட கையைக் கீழே போட யூஜினுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மாலை மூன்று மணிக்குக் கோயில் அரங்கில் கமிட்டி கூடியது. பொழியில் வெடி வேண்டாம் என்று யூஜின் சொன்னதும் நாற்காலிகள் அவர் பக்கம் திரும்பின.

“போஸ்டர் நாகர்கோவில் வரைக்கும் ஒட்டியாச்சி” என்றார் ஒருவர்.

“மைக்குல மூணு நாளா கத்துதோம். இப்ப குருவிக்குக் காய்ச்சல்னு சொல்லச் சொல்லுதியளா?” என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

“குருவி இல்ல” என்றான் பிபின். “நான் கண்ணால பாத்தேன். நீங்களும் கடலுக்குள்ள வந்து பாத்தா இப்படிச் சிரிக்கமாட்டிய.”

யூஜின் ஜெபகனி சொன்ன கணக்கைச் சொன்னார். கம்பியில் விழுந்ததைச் சொன்னார். செத்து ஒதுங்கிய கூனியைச் சொன்னபோது இரண்டு பேர் தலையாட்டினார்கள். கூனி இல்லாவிட்டால் அதைத் தின்ன வருகிற மீனும் பொழிக்கு வராது என்பது அவர்களுக்குத் தெரியும். கடலில் பார்த்ததைச் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன் பார்த்ததும் அதுவே என்பதை மட்டும் சொல்லவில்லை. 

கமிட்டிச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யூஜின், பறவையை விடு. பொழியில வெடி போடுறது கோயிலுக்க வழக்கம் இல்ல. உனக்க வீட்டு நேர்ச்சை. கிளாராவுக்க வெடி உன்னைக் கரை சேத்ததுக்காகச் செய்யுறது. அதை நிறுத்தணும்னா கிளாரா சொல்லட்டும். அவ வேண்டாம்னு சொன்னா சத்தியராஜை முற்றத்துக்கு வரச் சொல்லுவோம். அவ சொல்லாம இந்தக் கமிட்டி ஒரு திரியக்கூடக் குறைக்காது.”

அது நியாயம் என்று யூஜினுக்கே பட்டது. அதுதான் கஷ்டமாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் பொழிக்கரையில் நின்றார். இன்று சாம்பிள் குண்டு கிடையாது என்று கரைக்கு வந்ததுமே சொல்லியனுப்பியிருந்தார். தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, அரைவட்டமாக நடந்துகொண்டே தின்றன. உள்ளான்கள் சேற்றில் ஓடின, நின்றன, குத்தின, ஓடின. வேடிக்கை பார்க்க வந்த வேன்காரர்கள் ஒன்றும் நடக்காததைக் கண்டு ஏமாந்து திரும்பினார்கள். யூஜின் மட்டும் நின்றார். இவ்வளவு பெரிய காரியம் ஒரு சத்தமும் இல்லாமல் நடப்பது அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது.

ஊரில் நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். கிளாராவை என்ன செய்வது? எட்டு வருடமாக இந்த ஊரில் அவள் பெயர் ‘வெடி போட்டுப் புருசனைக் கொண்டு வந்தவ’. கடலுக்குப் போனவன் திரும்பத் தாமதமானால் பெண்கள் அவளிடம்தான் ஓடி வந்து ஜெபிக்கச் சொல்கிறார்கள். உன் வெடி இல்லை, வேறு ஏதோ பறந்தது என்று எந்த வாயால் சொல்வது? அவளிடமிருந்து அதைப் பிடுங்கவா?

கிளாரா பின்வாசலில் உட்கார்ந்து சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். யூஜின் எதிரில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். கமிட்டியில் நடந்ததைச் சொன்னார். அவள் தலை நிமிராமல் கேட்டாள். கத்தி நிற்கவில்லை.

“நீதான் சொல்லணுமாம்.”

“நேத்தே சொன்னேன்லா. கூனி செத்துதுன்னு.”

“அதில்ல கிளாரா. அது வேற ஒண்ணு.” யூஜின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். “இண்ணைக்குக் கடல்ல வச்சு ஒண்ணு பாத்தேன். உனக்கு மனசு கஷ்டமாட்டு இருக்கும். கோவிச்சுக்காத, கேட்டியா. உனக்க ஜெபத்தை நான் குறைச்சுச் சொல்லல்ல. நீ மூணு நாளு சாப்பிடாமக் கிடந்தது எனக்குத் தெரியும். நான் அண்ணைக்கு ஒண்ணை வேற ஒண்ணா நினைச்சிட்டேன். எட்டு வருசமா ஊரையும் நினைக்க வச்சிட்டேன். நாலாம் நாளு காலத்த நான் பாத்தது உனக்க வெடிக்க புகை இல்ல. அதுவளாக்கும். அந்தப் பறவையள்.”

கத்தி நின்றது.

கிளாரா மீன்சட்டியை நகர்த்தி வைத்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். யூஜின் அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. எட்டு வருடம் தலையில் சுமந்த எதையோ இறக்கி வைக்க இடம் தேடுகிறவள்போல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நாலாம் நாளு காலத்த ஞானதாசண்ணன் வாசல்ல வந்து, இண்ணைக்கும் வெடி போடட்டா கிளாரான்னு கேட்டாவ; நான்தான், இனி யாருக்காகப் போடணும்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்.”